எட்டடியில் கடல்

படங்கள் வியாழக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தன. கல்முனைப் பிரதான வீதியில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், யாரோ ஒருவருடைய வில்லையைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஹுஸ்னியா. போன் அதிர்ந்தது. கொழும்பில் பிலிம் கழுவித் தரும் இடத்திலிருந்து முப்பத்தாறு படங்கள். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முதலாவது மங்கல். இரண்டாவதும் மங்கல். பத்தாவதைத் தாண்டும்போது விரல் வேகமெடுத்தது. முப்பத்தாறிலும் ஒருவருக்கும் முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரில் கரைத்த மா மாதிரி ஏதோ ஒன்று கலங்கிக் கிடந்தது.

ஒரு சுருள் பிலிம் வீணானதே என்று அவள் வருந்தவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு படத்துக்கும் அவள் கமெரா வில்லையின் வளையத்தைத் திருப்பித் திருப்பி, கண்ணிமை மயிர் தனித்தனியாகத் தெரிந்த பிறகுதான் பொத்தானை அழுத்தியிருந்தாள். அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிலிமில் தெளிவில்லை. அப்படியென்றால் தெளிவு என்று அவள் நினைத்ததே தெளிவில்லையா?

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அவளைப் பெற்ற வாப்பா அச்சிமுகம்மதுவுக்கும் அந்த வயதில்தான் கண் நோய் தொடங்கியது. கரைவலை இழுத்த மனிதர். பொழுது முன்னைப்போல் இல்லை, நேரத்தோடு இருட்டுகிறது என்று சொல்லத் தொடங்கினார். பிறகு கதவு நிலையில் தோள் இடித்தது. கண் பிரசர், கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தபோது நரம்பில் பாதிக்கு மேல் செத்துவிட்டிருந்தது. இப்போது பன்னிரண்டு வருடமாக அவருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். அந்த நோய் இரத்தத்தில் வரும். நாற்பதைத் தாண்டிய வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் பிரசர் பாருங்கள் என்று சொல்கிற ஹுஸ்னியா, தான் மட்டும் ஒவ்வொரு வருடமும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?” என்று கேட்டுக்கொண்டு அன்ரனீற்றா உள்ளே வந்தாள். கடையில் கண் பார்த்து இலக்கம் எழுதுபவள் அவள்தான். அந்தக் கமெராவும் அவள் வீட்டுக் கமெராதான். அண்ணன் றொமால்ட் முப்பது வருடத்துக்கு முன் சுவிஸுக்குப் போனபோது அலுமாரியில் வைத்துவிட்டுப் போனது. நீதான் வில்லைகளோடு வாழுகிறவள், இதையும் வைத்துப் பார் என்று போன மாதம் ஹுஸ்னியாவிடம் கொடுத்திருந்தாள்.

ஹுஸ்னியா போனை நீட்டினாள். அன்ரனீற்றா நாலைந்து படங்களைப் பார்த்தாள். பிறகு தோழியின் முகத்தைப் பார்த்தாள். கேள்வி ஒன்றும் கேட்காமல் அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய் எழுத்துப் பலகைக்கு முன்னால் இருத்தி, ஒரு கண்ணை மூடினாள். ஹுஸ்னியா கடைசி வரிவரை பிசகாமல் வாசித்தாள். மற்றக் கண்ணாலும் வாசித்தாள்.

“ஆறுக்கு ஆறு, முழுப் பார்வை. இனி என்ன?”

“வாப்பாவும் வாசிச்சவர்தான் அன்ரனீற்றா. கடைசி வருசம் வரைக்கும் கடைசி வரிய வாசிச்சவர்.”

அந்த நோய் ஓரத்திலிருந்துதான் பார்வையைத் தின்னும், எழுத்து வாசிக்கிற நடுப்பார்வை கடைசியில்தான் போகும் என்பது அன்ரனீற்றாவுக்கும் தெரியும். போனை எடுத்துக் கண் சிகிச்சை நிலையத்துக்குக் கதைத்தாள். “திங்கக்கிழமை, ஒன்பது மணி. நானும் வாறன். வரமாட்டன் எண்டு மட்டும் சொல்லிப்போடாத.”

மறுநாள் வெள்ளி, கடை பூட்டு. சாய்ந்தமருதில் ஹுஸ்னியாவின் வீட்டு மேல்மாடி அறை ஜன்னலைத் திறந்தால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கடல் தெரியும். அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு வந்த றஸ்மி, மனைவி அந்த ஜன்னலடியில் கமெராவை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதைக் கண்டான். அவன் தச்சு வேலை செய்பவன். ஆறுதல் சொல்ல வராது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

“போன மாசம் அக்கரைப்பற்றில ஒரு வீட்டுக் கதவு சாத்துப்படலைண்டு கதவயே மூண்டு தரம் சீவினாங்க” என்றான் கடைசியில். “நான் போய்ப் பாத்தன். கதவில ஒரு பிழையுமில்ல, நிலை சரிஞ்சி நிண்டிச்சி. உன்ட கண்ணப் பிறகு பாப்பம். முதல்ல இந்தச் சாமானப் பாப்பம்.”

படங்களை விரித்து விரித்துப் பார்த்தார்கள். தேநீர் மேசையில் றஸ்மி இருக்கும் படம் வந்தது. அவன் முகம் வெறும் மண்ணிறக் கறை. திடீரென்று அவன் போனைக் கிட்டப் பிடித்தான்.

“இஞ்ச பாரு, எறும்பு!”

முகத்துக்கு ஒரு முழம் முன்னால், மேசையில் இருந்த சீனிப் போத்தலின் மூடியில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதன் கால்கள்கூடத் தெரிந்தன. அடுத்த படத்தில் பக்கத்து வீட்டுச் சுஹறாவின் முகம் கலங்கிக் கிடக்க, அவள் முன்னால் நீட்டிப் பிடித்திருந்த பலாச்சுளை நார் நாராகத் தெரிந்தது. தேடிப் பார்த்தால், கிட்டத்திலிருந்து எடுத்த படங்களில் எல்லாம் அப்படி ஒரு இடம் இருந்தது. தெளிவு இல்லாமல் போகவில்லை. அவள் விரும்பிய இடத்துக்கு முன்னால் எங்கோ போய் விழுந்திருந்தது.

ஹுஸ்னியா எழுந்து நின்றாள். பதினாலு வருடம் வில்லையோடு பழகிய மூளை, பயத்தைத் தள்ளி வைத்துவிட்டு வேலை செய்யத் தொடங்கியது. கமெராவைக் கண்ணில் வைத்து ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்தாள். கோடு நூல் மாதிரி வரும்வரை வளையத்தைத் திருப்பினாள். பிறகு கமெராவை இறக்கி, வளையத்தில் எழுதியிருந்த தூரத்தைப் பார்த்தாள்.

“ரெண்டரை மீற்றர் எண்டு காட்டுது.”

“எட்டடி” என்று சிரித்தான் றஸ்மி. “எங்கட வீட்டுல இரிந்து எட்டடியிலயா கடல் கிடக்கு?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. சுனாமியன்று ஹுஸ்னியாவின் உம்மாவைக் கடல் கொண்டுபோன காலையில் அது எட்டடிகூட விலகி நிற்கவில்லை.

“நீங்க பாருங்க” என்று கமெராவை அவனிடம் கொடுத்தாள். வளையத்தைக் கலைத்து, இலக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். அவன் கண்ணைச் சுருக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினான். “இப்ப நல்லாரிக்கி” என்றான். அவள் கையை எடுத்தாள். அதே இரண்டரை.

இரண்டு பேருடைய கண்ணும் ஒரே அளவாகப் பிழையாகக் காட்ட முடியாது. “என்ட கண்ணில்ல” என்றாள். சரியாக நம்பாதவள் மாதிரி இன்னொரு தரமும் சொன்னாள்.

“கமெரா எனக்கு ஒண்டக் காட்டுது, பிலிமுக்கு வேறொண்டக் காட்டுது. பிலிம் என்னத்தக் காணுதெண்டு நாம பாக்கணும்.”

“பிலிமுக்குக் கண்ணா இரிக்கி?”

“நம்மட கண்ண அதுட இடத்தில வெச்சாச் சரி.”

கமெராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல், றஸ்மியின் வரைபடத் தாளிலிருந்து வெட்டிய ஒளி ஊடுருவும் துண்டு ஒன்றை இழுத்து ஒட்டினாள். மேசையில் பலகைகளை அடுக்கிக் கமெராவை ஜன்னலைப் பார்க்க வைத்தாள். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை உள்ளே வெளிச்சத்தை மறிக்கும் திரை திறந்தே இருக்கும்படி திருகி வைத்து, அழுத்தும் வேலையை அவனிடம் விட்டாள். தன் தலையையும் கமெராவின் முதுகையும் சேர்த்து ஒரு கறுப்புச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

“அமத்துங்க.”

உள்ளே ‘டக்’ என்றது.

தபால்முத்திரை அளவு தாளில் முதலில் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. கலங்கிய நீலமும் பச்சையும். அவள் கையை நீட்டி வளையத்தை மெல்ல நகர்த்தினாள். இரண்டரையைத் தாண்டி, மூன்று, ஐந்து, பத்து. எல்லையில்லாத் தூரத்துக்கான குறியில் வளையம் முட்டி நின்றதும் அந்தத் தாளில் உலகம் வந்து இறங்கியது.

வானம் கீழே இருந்தது. கரை மேலே. நடுவில் கடல். அலை மேல்நோக்கி ஓடிப்போய் மணலில் உடைந்தது. தென்னைகள் தலைகீழாகத் தொங்கின. ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாக ஆடியது. ஒரு காகம் மல்லாக்கப் பறந்துபோனது. நகத்தின் நுனியளவு காகம். அதன் சிறகு அடிப்பது தெரிந்தது. யாரும் அதை வரையவில்லை. மின்சாரம் இல்லை. வெளியே உள்ளது அத்தனையும் வெறும் வெளிச்சமாக நடந்து வந்து, ஒரு கண்ணாடித் துண்டைக் கடந்து, காசு பெறாத ஒரு தாளில் உயிரோடு நின்றது.

பயிற்சிக் காலத்தில் கண்ணின் உள்ளே உருவம் தலைகீழாக விழும் என்று படித்திருந்தாள். சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி நூறு பேருக்குச் சொல்லியும் இருந்தாள். சொன்னதுதான், ஒருநாளும் கண்டதில்லை. தலைக்குள் இருட்டில் இதுதான் நடக்கிறது. தனக்கும், தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும், அந்தக் காகத்துக்கும். இந்த நிமிடத்தில் இதைப் பார்க்கிற தன் கண்ணுக்குள்ளும் இந்தத் தாளே இன்னொரு முறை கவிழ்ந்து விழுந்துகொண்டிருக்கிறது.

“சுப்ஹானல்லாஹ்” என்றாள். சத்தம் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது.

“என்ன? என்னண்டு செல்லு!”

சால்வையை அவனிடம் கொடுத்துவிட்டு அவள் பொத்தானைப் பிடித்தாள். றஸ்மி சால்வைக்குள் போனான். பிறகு, “அசையிது” என்றான், சிறுபிள்ளையின் குரலில். “ஹுஸ்னி, எல்லாம் அசையிது.”

அச்சிமுகம்மது கைப்பிடியைத் தடவிக்கொண்டு மாடிக்கு ஏறி வந்தார். “என்ன புள்ள, ரெண்டு பேரும் காலங்காத்தால சத்தம் போடுறீங்க?”

ஹுஸ்னியா அவரைப் பிடித்து ஜன்னலடியில் இருத்தினாள். பன்னிரண்டு வருடமாக ஒன்றையும் காணாத மனிதரிடம், கண்டதை எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொன்னாள். வில்லை கடலை இழுத்துத் தாளில் போடுகிறது என்று, தலைகீழாக என்று, காகம் மல்லாக்கப் பறந்தது என்று சொன்னாள். அவர் தலையைச் சரித்துக் கேட்டார்.

“தாளிலதான் போடுமா? வேற எதிலயும் போடாதா?”

அவள் சற்று யோசித்தாள். பிறகு கமெராவிலிருந்து வில்லையைக் கழற்றினாள். ஜன்னலை ஒரு சாண் மட்டும் விட்டுச் சாத்தினாள். வாப்பாவின் வலக்கையை, விரல்கள் மேலே பார்க்க, உள்ளங்கை ஜன்னலைப் பார்க்க நிமிர்த்தினாள். அவருடைய கையையும் தன் தலையையும் சால்வையால் மூடிக்கொண்டு, வில்லையை உள்ளங்கைக்கு மூன்று விரல் முன்னால் பிடித்தாள். கயிறு அறுத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிய அந்தக் கையில் கடல் வந்து விழுந்தது. தழும்புகளின் மேலால் அலை போய் வந்தது.

“விழுந்திட்டா?” என்று கேட்டார்.

“ஓம் வாப்பா. உங்கட கைக்குள்ள கடல் கிடக்கு.”

“எனக்கு ஒண்டும் தெரியல்லயே புள்ள.” குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்குச் சூரியன் நினைவுக்கு வந்தது. அது கடலுக்கு மேலே ஜன்னலின் உச்சிக்கு ஏறியிருந்தது. கை சுட்டுவிடாமலிருக்க வில்லையின் துவாரத்தை நன்றாகச் சுருக்கினாள். பிறகு வில்லையைக் கொஞ்சம் மேலே நிமிர்த்தினாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அரிசிக் குறுணியைவிடச் சிறிய ஒரு வெள்ளைப் புள்ளி பற்றி எரிந்தது.

அவர் முகம் மாறியது. “இஞ்ச ஒரு புள்ளி சுடுகுது.”

“அது சூரியன் வாப்பா.”

அவர் இடக்கையைச் சால்வைக்குள் விட்டு, சுட்டுவிரலால் அந்தப் புள்ளியைத் தேடித் தொட்டார். தொட்டதும் புள்ளி விரல் நகத்தில் ஏறியது. எடுத்ததும் மறுபடி கையில் இறங்கியது.

“தலைகீழ் எண்டுதானே செல்லினாய்? அப்ப சூரியன் கீழ, கடல் மேல.” விரலை உள்ளங்கையில் மேல்நோக்கி மெல்ல நகர்த்தினார். “மணி ஏழரை இரிக்கும். இந்நேரம் சூரியன் கடல விட்டு இவ்வளவுதான் எழும்பியிரிக்கும்.” ஓரிடத்தில் நிறுத்தினார். “கடல் இதில தொடங்குது.”

ஹுஸ்னியா பார்த்தாள். விரலின் நுனி, கடலும் வானமும் சேரும் கோட்டின் மேல் சரியாக நின்றது. ஒரு மயிரிழை அங்காலும் இல்லை, இங்காலும் இல்லை.

“சரியா?” என்றார்.

“சரி வாப்பா.”

“உங்கட உம்மாவக் கொண்டுபோன கடல் புள்ள இது” என்றார் அவர். “இத்தினிக்கூண்டு இடத்துக்குள்ள வந்து கிடக்கு.” கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூடவும் இல்லை. சூரியன் ஜன்னல் சட்டத்துக்கு மேலே ஏறிப் புள்ளி அணையும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். றஸ்மி சுவரில் சாய்ந்து நின்று, பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

மிச்ச வேலை சின்ன வேலையாக முடிந்தது. வில்லை குற்றமற்றது, பிலிம் இடமும் சரி. அப்படியென்றால் பிழை, கண் வைத்துப் பார்க்கும் பாதையில்தான் இருக்க வேண்டும். வில்லை இருந்த வாயினுள்ளே ஒரு சரிந்த முகக்கண்ணாடி. அது வெளிச்சத்தை மேலே தட்டிவிட, மேலே பதித்திருக்கும் ஒரு சொரசொரப்பான சிறு தகட்டில்தான் உருவம் விழும். வில்லையிலிருந்து பிலிமுக்கு எவ்வளவு தூரமோ, அந்தத் தகட்டுக்கும் அவ்வளவேதான் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கு ஆணி பூட்டும் மெல்லிய இடுக்கியால் உள்ளே இருந்த கொக்கியை அவள் தட்ட, தகடு கீழே விரித்திருந்த துவாயின் மேல் விழுந்தது.

முதலில் கண்டது றஸ்மிதான். “இது இருந்த மாதிரி சரியில்ல. இஞ்ச பாரு, தகட்டு ஓரத்தில நீட்டியிரிக்கிற இந்தக் காது சட்டத்தோட ஒட்டிப் படுக்கணும். இது துருத்திக்கொண்டு இருந்திச்சி. ஆரோ கவிட்டுப் போட்டிரிக்கான்.”

ஹுஸ்னியா காதில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள். சொரசொரப்பான பக்கம் கீழே இருக்க வேண்டியது, மேலே இருந்திருக்கிறது. தகட்டின் தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. அந்தத் தடிப்புத்தான் கடலை எட்டடிக்குக் கொண்டுவந்திருந்தது. அந்தத் தடிப்புத்தான் அவளை ஒரு முழு இரவு உறங்கவிடாமல் வைத்திருந்தது. புரட்டிப் போட்டு, கொக்கியை மூடி, வில்லையைப் பூட்டிக் கடலைப் பார்த்தாள். கோடு நூலானபோது வளையம் எல்லையில்லாத் தூரத்துக்கான குறியில் போய் நின்றது.

திங்கட்கிழமை அன்ரனீற்றாவோடு போனாள். கமெரா சரியானதற்கும் தன் கண் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பது அவளுக்குத் தெரியும். நெஞ்சு அடித்துக்கொண்டது. டாக்டர் இரண்டு கண்ணிலும் பிரசர் பார்த்தார், துளி மருந்து விட்டு உள்ளே நரம்பையும் பார்த்தார். இரண்டும் சுகம். வாப்பாவுக்கு இருப்பதால் வருடா வருடம் வர வேண்டும், தவறக்கூடாது என்றார். வெளியே வந்து தேநீர்க் கடையில் ஹுஸ்னியா ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று ரோல்ஸ் சாப்பிட்டாள். மருந்து விட்ட கண் கூசித் தண்ணீர் வடித்தது. அன்ரனீற்றா அதை மருந்தின் தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டு கைலேஞ்சியை நீட்டினாள்.

அங்கிருந்தே சுவிஸுக்கு அழைப்பு எடுத்தார்கள். றொமால்ட் கதையை முழுதும் கேட்டான்.

“நான்தான் கழட்டித் துடைச்சனான்” என்றான். “தூசி கிடந்தது. அதுக்குப் பிறகு எடுத்த படம் ஒண்டும் தெளிவா வரேல்ல. எனக்குக் கண் போயிட்டுதெண்டு நினைச்சு, கொழும்புக்குப் போய்க் கண்ணாடியும் வாங்கிப் போட்டனான்.”

“அண்ணா, அந்தக் கண்ணாடியையா இப்பவும் போடுறீங்க?”

“இல்லையடி. ஒரு மாசம் போட்டன். தலையிடி தாங்கேலாமக் கழட்டி வைச்சிட்டன். எண்டாலும் படம் எடுக்கிற ஆளில்ல நான் எண்டு முப்பது வருசமா நம்பிக்கொண்டெல்லோ இருக்கிறன்.” அவன் சிரித்தான். சிரித்து முடிந்த பிறகும் போனை வைக்க மனமில்லாதவன் மாதிரி, அந்தத் தகடு எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று இரண்டு தரம் கேட்டான்.

இரண்டாவது சுருளின் படங்கள் மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பின்னேரம் வந்தன. ஹுஸ்னியா வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். சுஹறாவின் மூக்குத்திக் கல் தெரிகிறது. றஸ்மியின் இமையில் மரத்தூள் ஒட்டியிருக்கிறது. பிறகு கடற்கரையில் காலையில் எடுத்த ஒரு படம்.

“கரைவலைத் தோணி வாப்பா. கிட்டத்திலதான். ஏழு பேர் இரிக்காங்க. ஒராள் எழும்பி நிக்கான்.”

“முன்னுக்கா, பின்னுக்கா?”

“முன்னுக்கு. கைய நீட்டியிரிக்கான்.”

“மத்தவங்கட துடுப்பு தண்ணிக்குள்ளயா, வெளியயா?”

அவள் படத்தை விரித்தாள். ஒவ்வொரு துடுப்பும், அதிலிருந்து சொட்டும் தண்ணீரும் தெரிந்தன. “வெளிய தூக்கிப் பிடிச்சிரிக்காங்க.”

அச்சிமுகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அவன் கண்டிட்டான். சத்தம் காட்டப்படாதெண்டு துடுப்பத் தூக்கிட்டாங்க. அவன்ட கை நீட்டின பக்கம் போய்ப் பாரு. தண்ணி கறுத்துக் கிடக்கும்.”

அந்தப் படத்தை அவள் பத்துத் தரமாவது பார்த்திருப்பாள். அங்கே வெறும் கடல்தான் இருந்தது. இருந்தாலும் அந்த மனிதனின் கை நீண்ட பக்கமாகப் படத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். நீலம், நீலம், வெயில் பட்ட மினுக்கம், மறுபடி நீலம். பிறகு, படத்தின் ஓரத்துக்குக் கிட்ட, தண்ணீரின் நிறம் மாறியது. பாய் விரித்த அளவில் ஒரு கறுப்பு. அதன் விளிம்பில் வெள்ளி வெள்ளியாகச் சில பொட்டுகள் துள்ளியிருந்தன.

“வாப்பா” என்றாள் மெதுவாக. “கிடக்கு.”

“துள்ளுதா?”

“ஓம். துள்ளுது.”

“அது சூடை மீன் கூட்டம்” என்றார் அவர். “அண்டைக்கு வலையில நல்ல மீன் பட்டிரிக்கும்.”